பட்டறைப் பெஞ்சு: சத்தத்தைக் குறைத்தால் பாட்டு மாறுகிறது

இந்த மாதத் தபாலில் ஸ்டியரிங் பட்டன் பற்றியே ஐந்து கடிதம். ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன். வண்டிகளின் பெயரை நான்தான் எடுத்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய எந்த வண்டிக்கும் வருகிற நோவு இது. பேரைப் போட்டால் அந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் பயந்துபோவார்கள்.

கேள்வி: அண்ணாச்சி, என்னிடம் இருப்பது 2011 மாடல் பெட்ரோல் கார். ஸ்டியரிங்கின் இடது பக்கம் பாட்டு பட்டன்கள். மூன்று மாதமாகச் சத்தத்தைக் குறைக்கிற பட்டனை அழுத்தினால் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறது. பலமாக அழுத்தினால் சில நேரம் ஒழுங்காகக் குறைகிறது. சாரல் நாளில் இன்னும் மோசம். ஹாரன் நன்றாக அடிக்கிறது. ஒரு கடையில் ஸ்டியரிங்கையே மாற்றச் சொன்னார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
(வாசகர், தென்காசி)

மாற்ற வேண்டாம் தம்பி. ஹாரன் நன்றாக அடிக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிட்டது. அது ஏன் என்பதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன். உங்கள் வண்டியில் கோளாறு பட்டனுக்கு அடியில், சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில்.

ஆறு பட்டன் இருந்தால் ஆறு ஒயர் போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஒரே ஒயர்தான், கூட ஒரு எர்த். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு அளவில் ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற சின்னச் சாமான், வைத்திருப்பார்கள். எதை அழுத்தினோம் என்பதை ஒயரில் நிற்கிற வோல்டேஜை வைத்துப் பாட்டு செட் கண்டுபிடித்துக்கொள்ளும். பாளையங்கால்வாயில் ஐந்து மடை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலம் என்று வையுங்கள். கீழே நிற்கிறவன் தண்ணீர் எத்தனை விரல் இறங்கியது என்று பார்த்தே, மேலே எந்த மடையைத் திறந்தார்கள் என்று சொல்லிவிடுவான். மடை வாயில் கோரையும் சகதியும் அடைத்துக்கொண்டால்? பெரிய மடையைத் திறந்தாலும் சின்ன மடை திறந்த மாதிரித்தான் தண்ணீர் இறங்கும். அவன் தப்பாகச் சொல்வான். அவன் மேல் குற்றம் இல்லை.

கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். செட்டுக்குள் 5 வோல்ட், அதன் வழியில் 1000 ஓம் ரெசிஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். சத்தம் குறைக்கிற பட்டன் 100 ஓம் என்றால், அழுத்தும்போது ஒயரில் 0.45 வோல்ட் நிற்கும். அடுத்த பாட்டு பட்டன் 330 ஓம் என்றால் 1.24 வோல்ட். இப்போது முதல் பட்டனின் வாயில் அழுக்கு சேர்ந்து அது ஒரு 230 ஓம் கூட்டினால் என்ன ஆகும்? 100-ம் 230-ம் சேர்ந்து 330. செட் பாவம், அடுத்த பாட்டைப் போட்டுவிடும். பலமாக அழுத்தினால் பட்டனின் அடியில் உள்ள கறுப்புக் கார்பன் வில்லை நன்றாகப் பதிந்து அந்த 230 குறைகிறது, அதனால்தான் சில நேரம் சரியாக வேலை செய்கிறது. நான் சொன்ன எண்கள் எல்லாம் விளக்கத்துக்குத்தான். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் ஓம், வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஒன்றைக் கடன் வாங்குங்கள். செட்டை வெளியே இழுத்து, பின்னால் ஒயர்களைச் சேர்க்கிற கப்ளரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் கண்ட்ரோல் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். ரேஞ்ச் 2000 ஓம், எண் வராவிட்டால் 20,000. எந்த ஒயர் என்பதை உங்கள் மாடலின் ஒயரிங் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு பட்டனாக அழுத்தி எண்ணைத் தாளில் எழுதுங்கள். நல்ல பட்டன் எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே எண்ணைக் காட்டும். கெட்ட பட்டன் ஒரு தடவை 110, ஒரு தடவை 340, அப்புறம் 600 என்று காட்டும். அதோடு விடாதீர்கள். பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். விரல் அழுத்தத்துக்கு எண் ஆடினால் பட்டன் அழுக்கு. ஸ்டியரிங் திரும்பும்போது மட்டும் எண் ஆடினால் அது வேறு சமாச்சாரம், அடுத்த கடிதத்தில் வருகிறது.

போன வருஷம் சித்திரையில் உடன்குடிப் பக்கத்து வாடகை வண்டி ஒன்று வந்தது. உங்கள் வண்டிக்கு உள்ள அதே நோவு. பட்டன் கட்டையைக் கழற்றி, அடியில் உள்ள ரப்பரை சர்க்யூட் போர்டிலிருந்து இழுத்தால் வரமாட்டேன் என்கிறது. மெல்ல உரித்தபோது பிசுக்கென்று ஒரு சத்தம். போர்டு மேல் பழுப்பாகப் பசை, ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்கு. ஒரு ரெசிஸ்டரின் காலில் ஈயம் விட்டிருந்ததால் சால்டரிங் அயர்னை வைத்தேன். பட்டறை முழுக்கக் கருப்பட்டி வாசம். பெஞ்சில் இருந்த பையன், “அண்ணாச்சி, காப்பியா போடுதீக?” என்றான். டிரைவரிடம் கேட்டால் சிரிக்கிறார். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்தபடியே ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் குடிக்கிற பழக்கமாம். பட்டையின் மூக்கு நேராக ஸ்டியரிங்குக்கு மேலே. பழுப்புப் பசை பதநீரின் சர்க்கரை. வெள்ளைப் பொருக்கு, புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு.

அன்றைக்கு நானும் ஒரு தப்புச் செய்தேன். மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு கழுவுகிற ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன், ஒன்றும் போகவில்லை. சர்க்கரை அதில் கரையாது. அது எண்ணெய்க்கும் கைப்பிசுக்குக்கும் ஆகும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சி, அப்புறம்தான் ஐ.பி.ஏ. என்பது அன்றைக்குப் புத்தியில் ஏறியது. பொருக்கு, பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

உங்கள் வண்டியில் பதநீர் இல்லாமல் இருக்கலாம். கை வியர்வையும் தூசியும் பத்து வருஷத்தில் அதே வேலையைச் செய்யும். சாரலில் அந்தப் படிவம் ஈரத்தை உறிஞ்சுவதால் ரீடிங் நாளுக்கு நாள் மாறுகிறது. ரப்பரின் அடியில் கறுப்பு வட்டங்கள் இருக்கும், அவைதான் கார்பன். அவற்றைப் பஞ்சால் தடவிக்கொடுத்தால் போதும், தேய்க்கக் கூடாது. போர்டில் எதிரே உள்ள கோடுகள் பொன் நிறமாகவோ செம்பு நிறமாகவோ இருந்தால் பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாக நாலு இழுப்பு இழுக்கலாம். அதுவும் கறுப்பாக இருந்தால் ரப்பரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பூச்சே போய்விடும். பெட்ரோல் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். கை கழுவுகிற சானிட்டைசர் ஜெல்லும் வேண்டாம், அது காய்ந்தபின் ஒரு பிசுக்கை விட்டுப்போகும். காயவிட்டு, கட்டையை மாட்டுவதற்கு முன்னால் மறுபடி மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். ஸ்டியரிங் நடுவில் எஸ்.ஆர்.எஸ். என்று எழுத்து இருந்தால் உள்ளே ஏர்பேக் இருக்கிறது. நம் நாட்டில் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலை முதல் தேதியில் இருந்துதான். ஆனால் ஸ்டியரிங்கில் பாட்டு பட்டன் கொடுத்த உயர் மாடல்கள் பலவற்றில் அதற்கு முன்பே ஏர்பேக் உண்டு. பட்டன் கட்டையை எடுக்கப் பெரும்பாலும் ஏர்பேகைக் கழற்ற வேண்டியிருக்கும். அதைக் கழற்றி மாட்டுவதை மட்டும் பழகிய கையிடம் விடுங்கள். கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்வது உங்கள் வேலை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் பெட்டியில் கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்கும். சில நிமிஷம் போதும் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நான் கால் மணி நேரம் விடுவேன், ஒரு டீ ஆகிவிடும். மஞ்சள் கப்ளர் ஏர்பேகினுடையது. அதில் மீட்டரையோ டெஸ்ட் லாம்பையோ வைக்கவே கூடாது. கழற்றிய ஏர்பேகை முகம் மேலே பார்க்க வையுங்கள். அது வெளியே இருக்கும்போது சாவியைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு பதிந்துவிடும், அதை அழிக்க ஸ்கேனர் தேட வேண்டிவரும். இன்னொன்று, சில கம்பெனி செட்கள் பேட்டரி கழன்றால் கோட் எண் கேட்கும். அந்த அட்டையைத் தேடி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: 2012 மாடல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். திடீரென்று ஒரே நாளில் ஹாரன் போய்விட்டது, ஸ்டியரிங் பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்குமோ என்று மனைவி சந்தேகப்படுகிறாள்.
(வாசகர், ஸ்ரீவைகுண்டம்)

மூன்றும் சேர்ந்து போனால் கிளாக் ஸ்பிரிங் போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சரி, கண்ணைத் திறந்து கொண்டும் சொல்வேன், முதலில் ஹாரன் பியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் இதுதான்.

ஸ்டியரிங் சுற்றுகிறது, அதன் தண்டுக் குழாய் நிற்கிறது. சுற்றுகிறதற்கும் நிற்கிறதற்கும் நடுவில் ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் போக வேண்டும் இல்லையா? அதற்காக ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நாடா மாதிரித் தட்டையான கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். பத்தமடைப் பாயைச் சுருட்டி விரிப்பது போல, நீங்கள் இடதுபக்கம் ஒடித்தால் சுருளும், வலதுபக்கம் ஒடித்தால் விரியும். ஹாரன், பட்டன், ஏர்பேக் மூன்றும் போவது அந்த ஒரே நாடாவின் வழியாக. நாடா அறுந்தால் மூன்றும் போகும். தென்காசித் தம்பியின் வண்டியில் ஹாரன் அடித்ததைப் பார்த்ததும் நான் பட்டன் பக்கம் கையைக் காட்டியது இதனால்தான். போவதற்குச் சில நாள் முன்னால் ஸ்டியரிங் திருப்பும்போது காகிதம் உரசுகிற மாதிரி ஒரு சரசரப்பு கேட்டிருக்குமே?

நாடாவை ஒட்டவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஏர்பேக் வெடிக்க வேண்டிய நேரத்தில் அந்த ஒட்டு பிடிக்குமா பிடிக்காதா என்று யார் சோதித்துப் பார்ப்பது? பழைய சாமான் கடைப் பொருளும் வேண்டாம். புதிதாகத்தான் போட வேண்டும், உங்கள் மாடலுக்கு உரிய நம்பர் பார்த்து. மாட்டும்போது முன் சக்கரம் இரண்டும் நேராக இருக்க வேண்டும், கிளாக் ஸ்பிரிங்கும் நடுவில் நிற்க வேண்டும். பொதுவாக அது மொத்தம் ஐந்து சுற்று மாதிரி வரும், நடு என்றால் இரண்டரை. நடுப்பார்க்காமல் மாட்டினால் ஒரு பக்கம் முழுதாக ஒடிக்கிற முதல் தடவையிலேயே நாடா அறுந்துபோகும். புதுப் பொருளில் நடுவை நிறுத்திவைக்க ஒரு ஸ்டிக்கரோ பூட்டோ போட்டிருப்பார்கள். மாட்டி முடிக்கிற வரை அதைப் பிய்க்க வேண்டாம். சமீபத்தில் யாராவது ஸ்டியரிங் ராடு, ரேக் வேலை பார்த்தார்களா என்றும் யோசியுங்கள். தண்டைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைக் கட்டிவைக்காமல் சுற்றவிட்டாலும் இது அறுகிறது.

வெள்ள விஷயத்துக்கு வருகிறேன். அந்த டிசம்பர் 17, 18-ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த ஒரு வருஷம் என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் கால்மிதி நாற்றத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: சீட் பெல்ட்டை ஒரு பக்கம் கடைசி வரை இழுத்துப் பார்க்கட்டும். வண்டியை என்னதான் கழுவி விற்றாலும் பெல்ட்டின் உள்சுருளில் சேற்றுக் கோடு தங்கியிருக்கும். அப்புறம் ஒரு பாகுபாடு. ஹாரனும் பட்டனும் நன்றாக இருந்து ஏர்பேக் விளக்கு மட்டும் எரிந்தால், பல வண்டிகளில் சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளர் பச்சை பூத்திருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அதுதான் முதல் சந்தேகம். உங்களுக்கு மூன்றும் சேர்ந்து போனதால், வெள்ளத்தை விட நாடாவின் வயசுதான் எனக்குக் காரணமாகப் படுகிறது. இருந்தாலும் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிடுங்கள். மனைவி சொன்னதைப் பார்க்காமல் விட்டு நான் பட்டது போதும்.

கேள்வி: பழைய செட்டை எடுத்துவிட்டு ஆண்ட்ராய்டு செட் போட்டேன். ஸ்டியரிங் பட்டன் இனி வேலை செய்யாது, அதை மறந்துவிடுங்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். உண்மையா அண்ணாச்சி?
(வாசகர், வள்ளியூர்)

உண்மை இல்லை, அவருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். செட்டின் பின்னால் தொங்குகிற ஒயர்களில் கீ 1, கீ 2 என்று சின்ன லேபிள் ஒட்டிய இரண்டு இருக்கும். வண்டியின் பட்டன் ஒயரைக் கீ 1-இல் கொடுங்கள், பட்டனின் எர்த்தும் செட்டின் எர்த்தும் ஒன்றாக வேண்டும். பிறகு செட்டிங்கில் ஸ்டியரிங் லேர்னிங் என்ற இடத்துக்குப் போய், திரையில் சத்தம் கூட்டு என்ற படத்தைத் தொட்டு, ஸ்டியரிங்கில் அந்தப் பட்டனை அழுத்திக் காட்ட வேண்டும். பச்சைக் குழந்தைக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பது போல ஒவ்வொன்றாக. என்ஜினை ஓடவிட்டுச் செய்யுங்கள், வோல்டேஜ் ஆடாமல் நிற்கும். அழுக்குப் பட்டனை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தால் அழுக்கான பாடம்தான் ஏறும், முதலில் சுத்தம். இரண்டு பட்டனை ஒன்றாகவே எடுத்துக்கொண்டால் மதிப்புகள் நெருங்கி இருக்கின்றன என்று அர்த்தம். சில செட்டில் உள் ரெசிஸ்டரை மாற்ற ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள்.

ஒரு விலக்கு. சில வண்டிகளில், ஐரோப்பியக் கம்பெனி வண்டிகளில் அதிகமாக, பட்டன் அழுத்தினால் வோல்டேஜ் போகாது, கம்ப்யூட்டர் பாஷையில் செய்தி போகும். அதற்கு நடுவில் கேன்பஸ் பெட்டி என்று ஒன்று வைத்தால்தான் புரியும். மீட்டரில் எந்தப் பட்டனுக்கும் எண் மாறவில்லை என்றால் கடைக்காரரிடம் அந்தப் பெட்டியைக் கேளுங்கள்.

கேள்வி: பட்டனின் கார்பன் தேய்ந்துபோனால் பென்சிலால் தீட்டினால் போதும் என்று நண்பன் சொல்கிறான். சரியா?
(கல்லூரி மாணவர், மேலப்பாளையம்)

போதும், மூன்று வாரத்துக்கு. பென்சில் கரி உதிர்ந்து போர்டில் பரவினால் அப்புறம் எல்லாப் பட்டனும் எல்லாப் பாட்டையும் பாடும். நான் செய்வதைச் சொல்கிறேன். வீட்டில் செத்துப்போன டி.வி. ரிமோட் ஒன்றாவது இருக்கும். அதைப் பிரித்து, அதிகம் தேயாத எண் பட்டனின் அடியில் இருந்து (7, 8 பட்டன்கள் ஓரளவு நன்றாக இருக்கும்) கறுப்பு வில்லையை பிளேடால் மெல்லிசாகச் சீவி எடுங்கள். கார் பட்டனின் பழைய வில்லை மேல் ஊசி முனை அளவு பசை வைத்து ஒட்டுங்கள். பசை கறுப்பு முகத்தில் படக் கூடாது. ஒரு ராத்திரி காயட்டும். சிகரெட் பெட்டித் தாளை ஒட்டுகிறவர்களும் உண்டு, அது கிழிந்து உள்ளேயே கிடந்து ஷார்ட் ஆகும்.

கேள்வி: தம்பி, நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியன். நாகர்கோவில் போகும்போது ஆரல்வாய்மொழி கிட்டே காரில் பாட்டுச் சத்தம் தானாகவே ஏறிக்கொண்டே போகிறது. நான் எதையும் தொடவில்லை. பயமாக இருக்கிறது.
(வாசகர், பாளையங்கோட்டை)

பயப்பட வேண்டாம் சார்வாள், பேய் இல்லை. ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பீர்கள், உள்ளங்கை சத்தம் கூட்டுகிற பட்டன் மேல் ஏறியிருக்கும். ஊரில் ஓட்டும்போதும் அப்படி ஏறினால், பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டது, மேலே வரவில்லை என்று அர்த்தம். பட்டனின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பிப் பாருங்கள், டொக்கென்று மேலே வரும். வராவிட்டால் வண்டியை நிறுத்தி செட்டை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், ஓடுகிற வண்டியில் நோண்ட வேண்டாம். வண்ணார்பேட்டை பட்டறைக்குக் கொண்டுவந்தால் செட்டின் பின்னால் ஸ்டியரிங் பட்டன் ஒயரின் பின்னை மட்டும் உருவி விடுகிறேன். செட்டில் உள்ள பட்டன்களை வைத்துப் பாட்டுக் கேட்கலாம், ஹாரனுக்கும் ஏர்பேகுக்கும் ஒன்றும் ஆகாது. சுத்தம் செய்வதை நிதானமாக ஒரு நாள் பார்த்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை வந்துவிடாதீர்கள், பட்டறை லீவு.